கொய்யாவும் பாலும் ஒரே பானையில்: மெக்சிகோவின் குளிர்காலக் கூழ்

பாலில் கொய்யாப்பழத்தைக் கரைத்துக் கொதிக்க வைக்கப் போகிறேன் என்று வீட்டில் பெரியவர்களிடம் சொல்லிப் பாருங்கள். "பால் திரிஞ்சு போயிடும், வயித்துக்கும் ஆகாது" என்பார்கள். சரக சம்ஹிதையும் புளிப்பான பழங்களைப் பாலோடு சேர்க்காதே என்றுதான் சொல்கிறது. ஆனால் மெக்சிகோவில் மார்கழிக் குளிருக்கு இதைத்தான் குடிக்கிறார்கள். மெக்சிகோ நகரம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. கிட்டத்தட்ட நம் ஊட்டி. அங்கே விடியற்காலையில் தெருமுனைக்குத் தெருமுனை பெரிய பாத்திரத்தில் ஆவி பறக்க விற்பார்கள். பெயர் அத்தோலே. கொய்யா போட்டது, ஸ்ட்ராபெரி போட்டது, சாக்லேட் போட்டது என்று பல வகை. இன்று நாம் பார்க்கப்போவது கொய்யா அத்தோலே.

இதை 'ஆஸ்டெக் காலத்துப் பானம்', அதாவது ஸ்பானியர் வருமுன் அங்கே ஆண்டவர்கள் காலத்தது, என்று பலரும் சொல்வார்கள். அது பாதி உண்மை. பானையின் அடியில் இருக்கும் கூழ் பழசு. மேலே சேர்ந்த பால் பிற்பாடு வந்தது.

முதலில் கூழ். மக்காச்சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, இரவெல்லாம் ஊறவிட்டு, தோல் போகக் கழுவி, மூன்று கால் வைத்த சரிவான கல்லில் அரைப்பார்கள். இந்தச் சுண்ணாம்பு வேலையை லேசாக நினைக்காதீர்கள். சோளத்துக்குள் கட்டுண்டு கிடக்கும் நயாசின் என்ற வைட்டமினை அதுதான் விடுவிக்கிறது. ஐரோப்பியர்கள் சோளத்தை மட்டும் எடுத்துப் போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். விளைவு, சோளத்தையே நம்பிப் பிழைத்த வட ஸ்பெயின், வட இத்தாலி ஏழைகளை, நயாசின் பற்றாக்குறையால் வரும் பெலாக்ரா நோய் வாட்டியது.

அரைத்த மாவைத் தண்ணீரில் கரைத்துக் காய்ச்சினால் அத்தோலே. 16ஆம் நூற்றாண்டில் சகாகுன் என்ற ஸ்பானியப் பாதிரியார், உள்ளூர் அறிஞர்களை வைத்துக்கொண்டு 12 பாகங்களில் ஒரு பெரும் தொகுப்பு எழுதினார். ஃபுளோரன்ஸ் நகர நூலகத்தில் இன்றும் இருக்கிறது. சந்தையில் அத்தோலே விற்பவர்களுக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார். தேன் விட்டது, மிளகாய் போட்டது என்று அப்போதே வகைவகையாக இருந்திருக்கிறது. ஸ்பெயின் அரசர் இரண்டாம் பிலிப் 1570களில் மூலிகை ஆராய அனுப்பிய மருத்துவர் பிரான்சிஸ்கோ எர்னாந்தெஸும் இந்தக் கூழ்களைக் குறித்துவைத்தார்.

கவனித்தீர்களா, பால் எங்கும் வரவில்லை. வர முடியாது. அந்த மண்ணில் பசுவே கிடையாது; கரும்பும் இல்லை. கொலம்பஸ் 1493இல் தன் இரண்டாம் பயணத்தில் இரண்டையும் கரீபியன் தீவுகளுக்குக் கொண்டுவந்தார். 1521இல் ஆஸ்டெக் தலைநகர் ஸ்பானியரிடமும் அவர்களோடு சேர்ந்த உள்ளூர்ப் படைகளிடமும் வீழ்ந்த பிறகு, அந்தத் தீவுகளிலிருந்து அவை மெக்சிகோவுக்கு வந்து சேர்ந்தன. தேன் இருந்த இடத்தில் கரும்பு வெல்லம் உட்கார்ந்தது. கூம்பு வடிவத்தில் வார்த்திருப்பார்கள். நம் அச்சுவெல்லத்தின் ஒன்றுவிட்ட தம்பி.

இந்தக் கூழில் சேரும் பட்டையின் கதைதான் நமக்கு நெருக்கமானது. மெக்சிகோ சமையலறையில் இருப்பது நம் பிரியாணியில் போடும் தடித்த பட்டை இல்லை. காகிதம் போல மெலிதாக, சுருட்டு மாதிரி உருண்டிருக்கும் இலங்கைக் கறுவா. அதற்காகவே 1505இல் வந்த போர்த்துக்கீசியர் இலங்கையில் கோட்டை கட்டினார்கள். 1658இல் டச்சுக்காரர்கள் அவர்களை முழுதாக விரட்டினார்கள். 1796இல் ஆங்கிலேயர் வந்தார்கள். காட்டுக்குள் போய்ப் பட்டை உரித்தவர்கள் சலாகம சமூகத்தார். அது கட்டாய வேலை, மறுத்தால் தண்டனை. அந்தப் பட்டை ஐரோப்பா வழியாக மெக்சிகோவுக்குப் போனது. இன்னொரு பக்கம் 1565 முதல் 1815 வரை மணிலாவிலிருந்து அக்கபுல்கோ துறைமுகத்துக்கு ஓடிய ஸ்பானியக் கப்பல்களின் ஆசியச் சரக்கிலும் கறுவா இருந்தது. காலனி ஆட்சி போயும் பழக்கம் போகவில்லை. இலங்கைக் கறுவாவை அதிகம் வாங்கும் நாடுகளில் மெக்சிகோ இன்றும் முன்வரிசையில் இருக்கிறது.

கொய்யா எதிர்த்திசையில் பயணம் செய்தது. அது அமெரிக்க மண்ணின் பழம். போர்த்துக்கீசியர் கையில் இந்தியாவுக்கு வந்து, இன்று பழனி பக்கம் ஆயக்குடியில் விளைகிறது.

சரி, பால் ஏன் திரியவில்லை? புளிப்பும் சூடும் சேர்ந்தால் பாலின் புரதம் ஒன்றோடொன்று ஒட்டித் திரள்கிறது. நடுவில் வெந்த மாவு இருந்தால் குழம்பு கெட்டிப்பட்டு, அந்தப் புரதங்கள் எளிதாக நெருங்க முடியாது. அதாவது பழைய கூழ்தான் புதிதாக வந்த பாலைக் காப்பாற்றுகிறது. என்னைக் கேட்டால் இந்தப் பானத்தின் வரலாற்றிலேயே அழகான இடம் இதுதான்.

ஆகவே வரிசை முக்கியம். அரை கிலோ பழுத்த கொய்யாவை நறுக்கி, இரண்டு டம்ளர் தண்ணீர், விரல் நீளக் கறுவா, 150 கிராம் வெல்லத்தோடு வேகவையுங்கள். பாயசம் வைப்பவர்களுக்குத் தெரியும், வெல்லமும் பாலைத் திரிக்கும். அதனால் அதையும் இங்கேயே கரைத்துவிடுகிறோம். பட்டையை எடுத்துவிட்டு மசித்து வடிகட்டுங்கள். கொட்டை ஒன்றுகூடத் தப்பக்கூடாது, பல்லில் சிக்கும். சுண்ணாம்பில் வெந்த சோளமாவு நம் கடைகளில் கிடைப்பது அரிது. பரவாயில்லை, மெக்சிகோ வீடுகளிலேயே பலர் மைசேனா டப்பாவைத்தான் திறக்கிறார்கள், அதாவது நம் கார்ன்ஃப்ளார். நான்கு மேசைக்கரண்டி எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் கரைத்து, பழச்சாற்றில் ஊற்றிக் கெட்டியாகும்வரை கிளறுங்கள். பிறகு சிறு தீயில், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான பாலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும். பழம் புளிப்பாக இருந்தால், பாலுக்கு முன் ஒரு சிட்டிகை சமையல் சோடா. தளதளவென்று கொதிக்க விடாதீர்கள்.

அங்கே இதைக் குடிக்க ஒரு வேடிக்கையான காரணமும் உண்டு. ஜனவரி 6 அன்று வளையம் போன்ற இனிப்பு ரொட்டி வெட்டுவார்கள். உள்ளே குட்டிப் பொம்மை ஒளித்திருக்கும். யார் துண்டில் பொம்மை வருகிறதோ, அவர் பிப்ரவரி 2 அன்று எல்லோருக்கும் தமாலே என்ற சோளமாவுப் பலகாரமும் அத்தோலேயும் செய்து போட வேண்டும். பொம்மையைச் சத்தமில்லாமல் விழுங்கிவிட்டவர்கள் பற்றிய கேலிக் கதைகளுக்கும் குறைவில்லை.

மிச்சமானால் ஃபிரிட்ஜில் வையுங்கள். மறுநாள் களி மாதிரி இறுகிவிடும். கொஞ்சம் பால் விட்டு, மெதுவாகச் சூடாக்கினால் போதும்.