புது மருந்து ஆராய்ச்சியும் வலிப்புக் குழந்தையும்



பூந்தமல்லிக்குப் பக்கத்துக் கிராமத்தில் ஒரு தாயிடம், "போன மாசம் பிள்ளைக்கு எத்தனை தடவை வலிப்பு வந்ததும்மா?" என்று கேட்டேன். "நிறைய வந்திச்சுங்க சார்" என்றார். ஐந்தா, ஐம்பதா? சொல்லத் தெரியவில்லை, கண்ணீர்தான் வந்தது. அவருக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன்.

காய்ச்சலில் வரும் சாதாரண ஜன்னி பெரும்பாலும் ஐந்தாறு வயதுக்குள் நின்றுவிடும். பிரெஞ்சு டாக்டர் சார்லோட் டிராவே 1978-இல் விவரித்த நோய் அப்படியல்ல. ஒரு வயதுக்குள் காய்ச்சலோடு நீண்ட வலிப்பு தொடங்கும்; பிறகு காய்ச்சல் இல்லாமலும் வரும்; பேச்சும் அறிவு வளர்ச்சியும் பின்தங்கும். எஸ்.சி.என்.1ஏ என்ற மரபணுவின் பழுதே பெரும்பாலும் காரணம் என்பது 2001-இல் தெரிந்தது. பெரும்பாலான பிள்ளைகளிடம் இந்தப் பழுது புதிதாக உண்டாகிறது. ஆகவே மருமகளைப் பழிக்காதீர்கள். கிரகணமும் காரணமல்ல, சாமி குற்றமும் அல்ல. அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை மட்டும் கேளுங்கள்.

இந்நோய்க்குப் புது மருந்துகளை வெளிநாடுகளில் சோதித்து வருகிறார்கள். நம் பிள்ளைக்கும் வாய்ப்பு வரலாம். இன்றே தயாராகுங்கள்.

1. வலிப்பு வந்த நாள், நேரம், எத்தனை நிமிஷம், காய்ச்சல் உண்டா என்று நோட்டில் குறியுங்கள். எழுதத் தெரியாதவர்கள் மாதக் காலண்டரில் கோடு போடுங்கள். முன்பு எத்தனை, பின்பு எத்தனை என்று எண்ணித்தானே மருந்தின் பலனை அறிய முடியும்?

2. மரபணு ரிப்போர்ட், இ.இ.ஜி., மருந்துச் சீட்டு எல்லாவற்றையும் ஒரே பையில் வையுங்கள். கார்பமசெபின் போன்ற சில வலிப்பு மாத்திரைகள் இந்நோயை அதிகமாக்கும். ஆனால் நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள், டாக்டரைக் கேளுங்கள்.

3. எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை, 2021 தேசிய அரிய நோய்க் கொள்கையின் கீழ் உள்ள மையங்களில் ஒன்று. ஆவடி, அம்பத்தூரிலிருந்து மின்சார ரயிலில் சென்ட்ரல் போய், அங்கிருந்து எழும்பூர் போகலாம்.

கையெழுத்துப் போடுமுன் ஒன்றை மனதில் வையுங்கள். ஆராய்ச்சி வேறு, சிகிச்சை வேறு. மருந்து பலிக்கலாம், பலிக்காமலும் போகலாம். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சில பிள்ளைகளுக்கு மருந்தில்லாத மாத்திரையும் தருவார்கள். சி.டி.ஆர்.ஐ. பதிவு எண் என்ன, நெறிமுறைக் குழு அனுமதி உண்டா என்று கேளுங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குச் சாட்சி முன்னிலையில் விளக்க வேண்டும். மறுத்தாலும், நடுவில் விலகினாலும் வழக்கமான சிகிச்சை நிற்கக் கூடாது. ஆராய்ச்சியால் பாதிப்பு வந்தால் இலவச சிகிச்சை பெற 2019 விதிகளில் இடமுண்டு. வீட்டில் இருவரும் கலந்து பேசி முடிவு செய்யுங்கள். கூச்சம் வேண்டாம், கேட்பது உங்கள் உரிமை.

வலிப்பு வரும்போது பிள்ளையை ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். சாவி, இரும்பு வேண்டாம். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கடிகாரத்தைப் பாருங்கள். ஐந்து நிமிஷம் தாண்டினால் 108-க்குச் சொல்லுங்கள்.

அடுத்த மாதம் அந்தத் தாய் காலண்டரோடு வந்தார். "பதினொண்ணு சார்" என்றார். இந்தத் தடவை அவர் அழவில்லை.