ஸ்கேலும் பென்சிலும்

மாமரத்திலிருந்து விழுந்த நான்கு வயதுப் பிள்ளையின் கழுத்து எக்ஸ்ரேயை விளக்கொளியில் பிடித்துப் பார்க்கும் இளம் டாக்டருக்குப் பகீரென்றிருக்கும். பக்கவாட்டுப் படத்தில், இரண்டாவது கழுத்தெலும்பு மூன்றாவதின் மேல் கொஞ்சம் முன்னே நழுவி நிற்கும். பெரியவர் கழுத்தென்றால் அது ஆபத்து. பிள்ளைக்கோ பல நேரம் அதுதான் இயல்பு.

சின்னப் பிள்ளைக்கு உடம்பின் அளவுக்குத் தலை பாரம் அதிகம். எலும்புகளைப் பிணைக்கும் நார்கள் தளர்ச்சி. மூட்டுகளும் சரிவின்றிப் படுக்கையாக இருப்பதால் எலும்பு எளிதில் வழுக்கும். நமக்குக் கழுத்து மடிவது ஐந்து, ஆறாவது எலும்புகளிடம்; அவர்களுக்கு இரண்டு, மூன்றிடம். எட்டு வயதுக்குள் அடிபட்டால் மேல்கழுத்துக்குத்தான் அதிகச் சேதம்.

அப்படியானால் நிஜமான நழுவலை எப்படிப் பிரிப்பது? அமெரிக்கக் கதிரியக்க மருத்துவர் லெனார்ட் சுவிசுக் 1977-இல் ஒரு வழி சொன்னார். முதல் எலும்பின் பின்வளைவிலிருந்து மூன்றாவதின் பின்வளைவுக்கு ஒரு கோடு போடுங்கள். நடுவிலுள்ள இரண்டாவதின் பின்வளைவு கோட்டை ஒட்டியிருந்தால் கவலையில்லை. 2 மில்லிமீட்டருக்குமேல் விலகினால் முறிவைத் தேட வேண்டும். இவ்வளவுக்கும் தேவை ஸ்கேலும் பென்சிலும்தான்!

அழுகையும் படத்தை ஏமாற்றும். வீறிட்டு அழும்போது எடுத்த படத்தில் தொண்டைக்குப் பின்னுள்ள சதை தடித்துத் தெரியும். உள்ளே ரத்தம் கட்டியதோ என்று தோன்றும். மூச்சை உள்ளிழுக்கும் நொடியில் எடுத்தால் அதே சதை மெலிந்துவிடும். அந்த நொடிக்காகக் காத்திருப்பவர் எக்ஸ்ரே டெக்னீஷியன். அவர் பொறுமையை யாரும் பாராட்டுவதில்லை.

இரண்டாவது எலும்பில் பல்போல் நிமிர்ந்த முனையின் அடியில் ஒரு கறுப்புக் கோடு தெரியும். அது இன்னும் எலும்பாகாத குருத்து; பெரும்பாலும் 3 முதல் 6 வயதுக்குள் கூடிவிடும். தொல்லை என்னவென்றால், சின்ன வயதில் முறிவதும் அதே இடத்தில்தான். முனை முன்பக்கம் சாய்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

எக்ஸ்ரேயும் சி.டி. ஸ்கேனும் சுத்தமாக இருந்தும் தண்டுவடம் அடிபட்டிருக்கலாம். பாங், வில்பர்கர் என்ற இரு மருத்துவர்கள் 1982-இல் இதற்குத் தனிப் பெயரே வைத்தார்கள். அங்கே எம்.ஆர்.ஐ. உதவும். சில பிள்ளைகளுக்கு விழுந்த கணத்தில் கைகால் மரத்து, உடனே சரியாகிவிடும். மணிக்கணக்கு கழித்துத்தான் பலவீனம் வரும். “கை ஜிவ்வுன்னு இருந்துச்சும்மா” என்று பிள்ளை ஒரே ஒரு முறை சொல்லியிருந்தாலும், அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.