கடல்மேல் கூடும் அவைகள்
(ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



கப்பலில் பணியாற்றியவன் பேசுகிறான் என்றால் புயலும் திமிங்கிலமும் வரும் என்றே அனைவரும் எதிர்பார்ப்பர். நானோ உல்லாசக் கப்பல்களில் உள்ள மாநாட்டு அறைகளைப் பற்றிச் சில சொற்கள் சொல்ல விழைகின்றேன். அக்கப்பல்களின் அலுவலகத்தில் ஒன்பது ஆண்டுகள் கணக்கராய் இருந்தவன் நான். எந்த அறை, எந்த மணிக்கு, எவருக்கு என்று எழுதி வைப்பது என் அன்றாடப் பணிகளுள் ஒன்று. நம் சங்கக் கட்டடத்தின் மாடியறையை எங்ஙனம் பயன்படுத்துவது என்று செயற்குழுவில் விவாதம் நடைபெறும் வேளை இது. ஆதலின் இப்பொருள் நமக்கு முற்றிலும் அயலானது அன்று.

உல்லாசக் கப்பல் என்பது மிதக்கும் விடுதி. அங்கே ஒவ்வொரு சதுர அடியும் காசு ஈட்டியாக வேண்டும். மதுக்கூடம் ஈட்டுகின்றது, சூதாட்டக் கூடம் ஈட்டுகின்றது, கடைகளும் ஈட்டுகின்றன. மாநாட்டு அறையோ தன் பெயரில் பெரிதாக எதையும் ஈட்டுவதில்லை. மொத்தமாகப் பல கேபின்களைப் பதிவு செய்யும் குழுவினருக்கு அது பெரும்பாலும் வாடகையின்றியே தரப்படுகின்றது. ஒரு வாணிபக் கம்பெனி தன் விற்பனையாளர் இருநூறு பேரைக் குடும்பத்தோடு அழைத்து வருமாயின், அந்த அறையைக் காட்டி விற்ற கேபின்களில்தான் இலாபம் இருக்கின்றது.

கூட்டங்கள் யாவும் கப்பல் நடுக்கடலில் செல்லும் நாட்களிலேயே நடைபெறும். துறைமுகத்தில் நங்கூரமிட்ட நாளில் அறையில் ஈயும் இராது. ஊரில் உள்ள ஹோட்டலில் மாநாடு நடத்தினால் பகலுணவுக்குப் பின் பாதிப்பேர் மறைந்து விடுவர். கப்பலில் எங்கே போவார்கள் என்பது முதலாளிமாரின் கணக்கு. நீச்சற் குளத்திற்குப் போவார்கள் என்பதைப் பயணம் முடிவதற்குள் அறிந்து கொள்வர்!

அமெரிக்க வரிச் சட்டம் இதனை முன்னரே அறிந்துள்ளது. கப்பலில் நடக்கும் மாநாட்டுச் செலவென்று ஒருவர் ஆண்டுக்கு 2,000 டாலருக்கு மேல் கழிக்க இயலாது. அதற்கும், கப்பல் அமெரிக்காவில் பதிவு பெற்றிருத்தல் வேண்டும். தொடும் துறைமுகங்கள் யாவும் அந்நாட்டிற்கோ அதன் ஆட்சிப் பகுதிகளுக்கோ உரியனவாய் இருத்தல் வேண்டும். நாள்தோறும் எத்தனை மணி நேரம் அலுவலில் கழிந்தது என்று கையொப்பமிட்டு எழுதித் தருதலும் வேண்டும். பெரிய உல்லாசக் கப்பல்களிற் பெரும்பாலானவை பஹாமாஸ், பனாமா முதலிய நாடுகளின் கொடியின் கீழ் ஓடுவன. ஆகவே அச்சலுகை பெரும்பாலும் ஏட்டளவே.

கம்பெனிக் கூட்டங்கள் ஆண்டில் சில நாட்களே. எஞ்சிய நாட்களில் அவ்வறைக்கு நேரும் பயன்களே சுவையானவை. வெள்ளி மாலை யூத மதத்தினர் அங்கே கூடி வழிபடுவர். ஞாயிறு காலை கிறிஸ்தவர்களின் பிரார்த்தனை நிகழும். பிற்பகலில் முதியவர்கள் சீட்டாடுவர். புதிதாய்ச் சேர்ந்த சிப்பந்திகளுக்குத் தீயணைப்புப் பயிற்சியின் ஏட்டுப் பாடம் நடைபெறும். சில துறைமுகங்களில் குடிவரவு அதிகாரிகள் அங்கேயே மேசை போட்டுக் கடவுச்சீட்டில் முத்திரை குத்துவர்.

இவற்றுள் ஒன்றை மட்டும் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கப்பலில் அன்றன்றைய நிகழ்ச்சிகளை அச்சிட்டு ஒவ்வொரு கேபினுக்கும் அனுப்புவார்கள். நடனம், விருந்து, ஏலம் என்ற வரிசையின் நடுவே, "பில் டபிள்யூவின் நண்பர்கள்" என்று ஒரு வரி காணப்படும். அறியாதவர்கள் எவரோ ஒரு பிரமுகரின் விருந்து என்றே எண்ணுவர். மதுப் பழக்கத்தை விட்டொழிக்க முயல்வோர் ஒருவருக்கொருவர் துணை நிற்கும் இயக்கம் ஒன்று 1935இல் அமெரிக்காவில் தோன்றியது. அதைத் தொடங்கிய இருவருள் ஒருவர் பில் வில்சன். அவ்வியக்கத்தினர் தம் பெயர் வெளிப்படாமல் கூடுவதற்கான குறிப்பே அந்த வரி. தளத்துக்குத் தளம் மது பெருகும் ஓரிடத்தில், மது தொடமாட்டேன் என்று உறுதி கொண்டவர்களுக்கு ஒரு மணி நேரம் கதவு மூடிய ஓர் அறை! நடத்துவதற்குக் கப்பலார் எவரையும் நியமிப்பதில்லை. வருபவர்களே நடத்திக் கொள்வார்கள். எத்தனை நாற்காலிகள் என்று முன்கூட்டிச் சொல்ல ஆளில்லை ஆதலால் எட்டுப் போடச் சொல்வேன். ஐவர் வந்ததுண்டு, இருவர் வந்ததுண்டு. ஒருவர் மட்டும் வந்து, தனியே அந்த ஒரு மணி நேரமும் அமர்ந்துவிட்டு, நாற்காலிகளை ஒழுங்குபடுத்திச் சென்றதும் உண்டு. ஒருவர்தானே வந்தார் என்று மறுநாள் அவ்வரியை நீக்க வேண்டும் என எவரும் சொன்னதில்லை.

நம் மாடியறையின் திறவுகோல் செயலாளர் இல்லத்தில் இருப்பதா, வாயிற்காவலரிடம் இருப்பதா என்பது நம் செயற்குழுவின் வினா. என் கருத்தை ஒளிக்க விரும்பவில்லை. காவலரிடமே இருக்கட்டும், குறிப்பேட்டில் பெயரெழுதி எவரும் பெற்றுக் கொள்ளட்டும். ஈரறை வீட்டில் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் நம் காலனியில் பலர் உளர். மின்சாரச் செலவைச் சங்கம் தாங்கும்.

அறையே இல்லாத கப்பலிலும் பெரிய மாநாடு நடந்ததுண்டு. 1933ஆம் ஆண்டு நவீனக் கட்டடக் கலைஞர்களின் உலக மாநாடு 'பத்ரிஸ் 2' என்ற கப்பலில் மார்சேயிலிருந்து ஏதென்ஸுக்குச் சென்றவாறே நடைபெற்றது. மாஸ்கோவில் நடைபெற வேண்டியது தடைப்பட்டமையால் கப்பல் ஏறினர். 33 நகரங்களின் வரைபடங்களை ஆராய்ந்து, நகரம் எங்ஙனம் அமைய வேண்டும் என்று கடற்காற்றில் வாதிட்டனர். அவர்களுள் முதன்மையான லெ கொர்புசியேதான் பின்னாளில் சண்டிகரைத் திட்டமிட்டவர். நம் அகமதாபாத்தில் சபர்மதிக் கரையில் நிற்கும் ஆலை முதலாளிகள் சங்கக் கட்டடமும் அவர் ஆக்கமே.

1989 டிசம்பர் 2, 3ஆம் நாட்களில் மால்டா தீவருகே அமெரிக்க ஜனாதிபதி ஜார்ஜ் புஷ்ஷும் சோவியத் தலைவர் கோர்பசேவும் சந்தித்தனர். இரு நாட்டுப் போர்க்கப்பல்களிலும் மாறி மாறிப் பேசுவது என்று ஏற்பாடு. கடல் கொந்தளித்தது, போர்க்கப்பல்களுக்குச் செல்வது அபாயமாயிற்று. கரையோரம் கட்டப்பட்டிருந்த 'மக்சீம் கோர்க்கி' என்ற சோவியத் உல்லாசக் கப்பலிலேயே பேச்சு நடந்தது. பனிப்போர் முடிவுற்றதன் அடையாளமாக அச்சந்திப்பைப் பலர் குறிப்பிடுகின்றனர். அதே ஆண்டு ஜூன் மாதத்தில் அக்கப்பல் ஆர்க்டிக் கடலில் பனிப்பாறையில் மோதிற்று. நூற்றுக்கணக்கான பிரயாணிகளை நார்வே நாட்டினர் காப்பாற்றிக் கரை சேர்த்தனர். அங்ஙனம் பிழைத்து, செப்பனிடப்பட்ட கப்பல்தான் ஆறு மாதத்திற்குள் இரு பெருந்தலைவர்களுக்கு இடம் தந்தது.

2009ஆம் ஆண்டு அது உடைக்கப்படுவதற்காக நம் குஜராத்தின் அலங் கடற்கரைக்கு வந்து சேர்ந்தது. அலங் செல்லும் சாலையின் இரு மருங்கிலும் கப்பல்களிலிருந்து கழற்றிய மேசை, நாற்காலி, கோப்பை, மெத்தை விற்கும் கடைகள் வரிசையாய் நிற்பதை நீங்களும் கண்டிருப்பீர்கள். இம்மேடையில் உள்ள நாற்காலிகளும் அங்கே வாங்கியவைதாம் என்று பொருளாளர் அவர்கள் சற்று முன் என்னிடம் கூறினார். எந்தக் கப்பலுடையவை என்று வினவினேன். ரசீதில் விலை மட்டுமே இருக்கிறது என்றார்.