கதிரொளியும் கழிவுநீரும்

நோய் தீர நாம் உட்கொள்ளும் மருந்து முழுவதும் உடலிலேயே தங்கிவிடுவதில்லை. அதில் ஒரு பகுதி உருமாறாமலே வெளியேறிச் சாக்கடையிற் கலக்கிறது. மருந்து ஆலைகளின் கழிவோ இதனினும் கொடிது. ஹைதராபாத்துக்கு அருகிலுள்ள பட்டஞ்செருவில், ஏறக்குறைய 90 மருந்து ஆலைகளின் கழிவைச் சுத்திகரித்த நிலையத்தின் நீரை ஸ்வீடன் நாட்டு அறிஞர்கள் ஆராய்ந்து, 2007-ல் முடிவை வெளியிட்டனர். சுத்திகரித்த பின்னரும் ஒரு லிட்டர் நீரில் 31 மில்லிகிராம் வரை சிப்ரோஃபிளாக்ஸசின் என்னும் கிருமிக்கொல்லி மருந்து இருந்தது.

இதனால் விளையும் தீங்கு யாது? மருந்து கலந்த நீரில் வலிய கிருமிகளே எஞ்சிப் பெருகும். நாளை நம் குழந்தை நோயுறும்போது அதே மருந்து பயனற்றுப் போகக்கூடும்.

வழக்கமான சுத்திகரிப்பில் நுண்ணுயிர்களே அழுக்கைத் தின்று அழிக்கின்றன. கிருமியைக் கொல்லவே செய்த மருந்தை அவை எளிதில் தின்னுமா? இங்கேதான் ஒளிவினையூக்கி துணைக்கு வருகிறது. டைட்டானியம் டை ஆக்ஸைடு என்பது சுவர் வர்ணங்களிற் சேரும் வெண்பொடி. புற ஊதாக் கதிர் பட்டதும் அதிலுள்ள எலெக்ட்ரான் கிளர்ந்தெழ, அதன் இடம் வெறுமையாகிறது. அவ்வெறுமை நீரிடமிருந்து எலெக்ட்ரானைப் பறிக்கையில், ஹைட்ராக்ஸில் என்னும் வீரியமிக்க துணுக்குப் பிறந்து மருந்தின் மூலக்கூற்றைச் சிதைக்கிறது. இப்பொருள் ஒளியின் துணையால் நீரையே பிரிக்க வல்லது என்பதை ஜப்பானிய அறிஞர்கள் புஜிஷிமாவும் ஹோண்டாவும் 1972-ல் உலகறியச் செய்தனர். இப்பொடிக்கு மூலமான இல்மனைட் மணல் நமது மணவாளக்குறிச்சியிலும் கேரளத்துச் சவறாவிலும் கடற்கரையிற் கிடைக்கிறது.

எனினும் தடைகள் உண்டு. சூரிய ஒளியில் புற ஊதாக் கதிரின் பங்கு நூற்றுக்கு ஐந்தளவே. கலங்கல் நீரில் ஒளி ஊடுருவாது. பொடியை மீண்டும் வடித்தெடுக்க வேண்டும். அரைகுறையாகச் சிதைந்த மருந்து நஞ்சாவதும் உண்டு. ஆகவே, பிற முறைகளால் தெளிந்த நீருக்கு இறுதிப் படியாகவே இம்முறை பொருந்தும்.

பிழைப்பு நாடி எம்மாநிலத்திற் குடியேறினும், நாம் அருந்துவது அம்மண்ணின் நீரே. ஆற்றுக்கோ எல்லை இல்லை. ஆனைமலையிற் பிறக்கும் பாரதப்புழை, பாலக்காட்டைக் கடந்து, ஆனைக்கரை வழியே பொன்னானியிற் கடலைச் சேர்கிறது. மேற்கரையோர் கலப்பதைக் கீழ்க்கரையோர் பருகுகின்றனர். விஞ்ஞானிகளின் முயற்சி முழுப்பயன் தரும்வரை நம்மாலும் ஆவது ஒன்றுண்டு. மீந்த மாத்திரைகளைச் சாக்கடையிலும் கிணற்றடியிலும் கொட்டாதிருப்போம். கிருமிக்கொல்லி மருந்தை மருத்துவர் சொன்ன அளவிலன்றி உண்ணாதிருப்போம்.