லயத்துக்குச் சென்ற பாடம்



2020 மார்ச் 13ஆம் திகதி முதல் கொரோனாத் தொற்றின் காரணமாக இலங்கைப் பாடசாலைகள் மூடப்பட்டன. கல்வி அமைச்சின் இ-தக்சலாவ இணையத்தளம் இருந்தது. நேத்ரா தொலைக்காட்சியில் தமிழ்ப் பாடங்கள் ஒளிபரப்பாயின. நல்ல முயற்சிகளே. ஆயினும் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களின் நிலை வேறு.

ஊரடங்கிலும் தோட்ட வேலை நிற்கவில்லை. லயக் காம்பராவில் கைபேசி ஒன்றிருந்தால் அது தந்தையின் சட்டைப்பையில் மலைக்குச் சென்றுவிடும். காலை பத்து மணிக்கு ஆசிரியர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய பாடம், விளக்கேற்றிய பின்னரே பிள்ளையின் கண்ணிற் படும். மூன்று பிள்ளைகள் இருப்பின் இளையவன் அதற்குள் உறங்கிவிடுவான்.

ஆதலால் ஆசிரியர் முதலில் அறிய வேண்டியது, கைபேசி எவ்வேளை வீடு திரும்பும் என்பதே. பால்வெட்டுக்குச் செல்பவர் நண்பகலுக்குப் பின் திரும்புவார். கொழுந்தெடுப்பவர் திரும்ப மாலையாகும். நேரசூசியை அதற்கேற்ப வகுத்தல் வேண்டும். காணொளியைவிடக் குரற்பதிவு நன்று, செலவு குறைவு. கையால் எழுதிய பயிற்சித்தாளோ எவருடைய கைபேசிக்கும் காத்திராது. ஆனால் அதைத் திருத்தித் திருப்பியனுப்புதல் வேண்டும். இல்லையேல் மறுதாளைப் பிள்ளை தொடமாட்டான்.

இடையிடையே திறந்தும் மூடியும் காலம் கழிந்தது. 2021 ஒக்டோபர் 21ஆம் திகதி, 200க்குக் குறைந்த மாணவரைக் கொண்ட பாடசாலைகளின் ஆரம்ப வகுப்புகள் முதலில் திறக்கப்பட்டன. சிறிய தோட்டப் பாடசாலைகள் பல அவ்வகையின. முதலாம் தரத்திற் சேர்ந்து, எழுத்தறியாமலே இரண்டாம் தரத்தை அடைந்த பிள்ளைகளும் வந்தனர். அவர்களுக்கு அகரத்திலிருந்தே தொடங்க வேண்டியிருந்தது.