தையல் பிரித்த பிறகு

பவர் பிரஸ்ஸில் சிக்கிய கைக்குத் தையல் பிரித்ததும், 'வேலைக்குப் போகலாம்' என்று மருத்துவர் எழுதிக் கொடுக்கிறார். பலருக்கு அந்தச் சீட்டோடு விஷயம் முடிந்துவிடுகிறது. முடியக் கூடாது என்பேன். 1923-ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் அட்டவணை, கட்டைவிரல் போனால் 30 சதவீதம், ஆட்காட்டி விரல் முழுதும் போனால் 14 சதவீதம் சம்பாதிக்கும் திறன் இழப்பு என்று வகுத்தது. விரல் இருக்கிறது, ஆனால் பாதிதான் மடங்குகிறது, ஸ்குரூவைப் பிடித்தால் நுனியில் உணர்வு மங்கலாக இருக்கிறது என்றால்? அங்கே மருத்துவர் மதிப்பிட்டுச் சொல்லும் சதவீதம்தான் தொகையைத் தீர்மானிக்கும். குடும்பத்தின் வருமானத்தைத் தொடும் அந்த எண்ணை ஒருவர் பார்வைக்கே விட்டுவிடலாமா?

இன்னொரு மருத்துவரிடமும் காட்டலாம் என்றால், முதலில் பார்த்தவரைச் சந்தேகிப்பதா என்று தயங்குகிறோம். சந்தேகமே வேண்டாம். அவர் அன்று பார்த்தது காயத்தை. நரம்பும் தசைநாரும் எப்படித் தேறின என்பது மாதங்கள் கழித்தே தெரியும். செலவாகுமே என்றால், சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைக்கென்றே தனித் துறை இருக்கிறது. முதலாளி கோபிப்பார் என்ற பயம் இன்னும் பெரியது. அதை லேசாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் இ.எஸ்.ஐ. மருத்துவக் குழுவின் முடிவையே எதிர்த்து மேல்முறையீடு செய்யச் சட்டம் வழிவைத்திருக்கும்போது, இன்னொரு மருத்துவரிடம் கையைக் காட்டுவது எப்படிக் குற்றமாகும்? போகும்போது முதல் நாள் எக்ஸ்ரே, டிஸ்சார்ஜ் சம்மரி, விபத்து அறிக்கையின் நகல் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். மெஷினில் எந்த அசைவு இப்போது முடியவில்லை என்பதையும் சொல்லி, அதையும் சேர்த்து எழுதித் தரச் சொல்லுங்கள்.