வாயில் தோன்றும் வெண்திட்டு
(மகளிர் சுய உதவிக் குழுவினரிடையே ஆற்றிய உரை)



விருந்து முடிந்ததும் வெற்றிலைத் தட்டை நீட்டுவது நம் மரபு. ஆயினும், நாம் மெல்லும் பாக்கே புற்றுநோயை விளைவிக்க வல்லது என உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் உறுதி கூறியுள்ளது. புகையிலையும் சேர்ந்தால் தீங்கு பெருகும்.

வாய்ப்புற்று பெரும்பாலும் முன்னறிவிப்புத் தந்தே வருகிறது. துடைத்தாலும் நீங்காத வெண்திட்டு கன்னத்தின் உட்புறத்தில் தோன்றும். செந்திட்டாயின் அபாயம் மிகுதி. பாக்கு மெல்வோர் சிலருக்குக் கன்னம் உள்ளே இறுகி, வாய் திறப்பது குறையும். காரம் பட்டால் எரியும். இவை புற்றாக மாறியே தீரும் என்பதில்லை, மாறக்கூடும்.

“பாப்பிலோமா வைரஸ் என்ற கிருமிதானே காரணம்?” எனச் சிலர் வினவுகின்றனர். கருப்பை வாய்ப் புற்றுக்கு அக்கிருமியே காரணம். அதன் 16-ஆம் வகை டான்சிலிலும் நாவின் அடியிலும் புற்றை உண்டாக்குகிறது. வாயின் வெண்திட்டுகள் சிலவற்றிலும் அது காணப்படுகிறது. எனினும், அங்கே முதற்குற்றவாளிகள் புகையிலையும் பாக்குமே. பழியைக் கிருமியின்மேல் சுமத்திவிட்டுச் சுருக்குப்பையை அவிழ்ப்பது தகாது.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் பயிற்சி பெற்ற ஊழியர்கள் வீடுவீடாகச் சென்று மக்களின் வாயைப் பார்த்தனர். புகையிலை, மதுப் பழக்கமுடையோரிடையே வாய்ப்புற்றுச் சாவு ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு குறைந்ததென 2005-ல் வெளியான அவ்வாய்வு கூறுகிறது.

ஆகவே, மாதம் ஒருமுறை வெளிச்சத்தில் கண்ணாடி முன் நின்று நம் வாயை நாமே பார்ப்போம். இரண்டு வாரத்தில் ஆறாத திட்டோ புண்ணோ காணின், ஆரம்ப சுகாதார நிலையத்தை நாடுவோம். வலியில்லையே என்று வாளாவிருத்தல் வேண்டா.